செத்தவர் பூட்டு மாட்டுவாரா?

அத்தியாயம் 7

“கையெழுத்து போட எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார் பொது மேலாளர் ஃபப்ரிசியோ சர்ரால்தே.

“போடறதுக்கு ரெண்டு செகண்டு. படிக்கிறதுக்குத்தான் நேரமாகும்,” என்றார் இர்மா சுபியாவுரே.

“படிக்கணுமா என்ன?”

“பழக்கதோஷம்.”

வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. எங்கள் தலைநகர் மொந்தெவிதேயோவில் ஆகஸ்ட் மாத மழை. ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் வரும்வழியிலேயே என் குடை இரண்டு தடவை மல்லாந்துவிட்டது. பழைய நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். நாட்டிலுள்ள பாதி ஆஸ்பத்திரிகளுக்கு, டாக்டரைப் பார்ப்பதற்கான முன்பதிவுகளை நடத்துகிற நிறுவனம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மூட்டு டாக்டருக்காக நாலு மாதம் காத்திருந்தவர்களுக்கு அது எது என்று தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு என்றால் அப்படியொரு பாதுகாப்பு. வாசலில் கைரேகை வாங்கினார்கள், அட்டை வாங்கினார்கள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். மாத்தே என்கிற எங்கள் ஊர் மூலிகைத் தேநீருக்காக என் கக்கத்திலிருந்த வெந்நீர் பிளாஸ்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு கழுத்தில் ஒரு பார்வையாளர் அட்டையை மாட்டிவிட்டார்கள். திருப்பிப் பார்த்தால், அதன் பின்பக்கம் வைஃபை பாஸ்வேர்டு அச்சிட்டிருந்தது.

மேலாளர் கையில் கைத்தடி, இடது முழங்காலில் புத்தம்புதுப் பட்டை. மேசைமேல் மூன்று பக்க அறிக்கை. ‘துப்பறிவாளர் இர்மா சுபியாவுரே விசாரித்துக் கண்டறிந்தது’ என்று தலைப்பு. இர்மா அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைத்தே கால்மணிநேரம்தான் ஆகியிருந்தது.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன். யோவ் வாஷிங்டன், நான் இவ்வளவு அழகா எழுதுவேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது தலைவி. போன மாசம் நீங்க எழுதின அறிக்கையை நீங்களே படிச்சுப் பாத்து யார் எழுதினதுன்னு என்னைத் திட்டினீங்க.”

வாஷிங்டன் என்பது நான். வாஷிங்டன் ஒலாசாபல். அமெரிக்காவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் நாட்டில் என் வயதுக்காரர்களில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் இருப்பான். இருபத்திரண்டு வருடம் பூட்டுக்கடை வைத்திருந்தேன். இர்மா சுங்கத்துறையில் முப்பது வருடம் அடுத்தவன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னவர். ஓய்வு பெற்றபிறகும் அந்தப் புத்தி போகவில்லை, துப்பறிவு நிலையம் ஆரம்பித்தார். நான் எடுபிடி.

அறிக்கையின் சாரம் இதுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி, நெலிடா பெந்தான்கோர் என்ற கணினி நிர்வாகியை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜூலை இருபத்தொன்பது, மதியம் 12.52-க்கு நெலிடாவின் சாவியைக் கொண்டு யாரோ பதினேழாம் இயந்திரத்துக்குள் நுழைந்தார்கள். 1.06-க்குப் பதினோராயிரம் நோயாளிகளின் முன்பதிவுகள் ஒன்றுவிடாமல் அழிந்தன. ஆகவே, குற்றவாளி நெலிடா. மூன்று மணிக்குப் புகார் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறது. வெளியாள் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் அடம்பிடித்ததால்தான் எங்களுக்கு அழைப்பு.

“அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?” என்றார் இர்மா.

“வெளியிலதான் உக்கார வெச்சிருக்கேன். நான்தான் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்தா புகார் இல்ல, நமக்குள்ள முடிச்சுக்கலாம்னு சொல்லிப் பாத்தேன். திங்கட்கிழமை ஏதோ அரசு ஆஸ்பத்திரில வேலைக்குச் சேரப் போறாளாம். புகார் விழுந்தா அந்த வேலை கோவிந்தா. அப்படியும் கையெழுத்து போட மாட்டேங்கிறா. திமிரு.”

“இல்லேன்னா ஒருவேளை அவங்க செய்யலையோ என்னவோ.”

“மேடம், இது கம்ப்யூட்டர் விஷயம். நானும் ஒரு காலத்துல இன்ஜினியர்தான். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. உங்களுக்குப் புரியாது.”

எனக்குப் புரிந்தது. வாசகர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காகப் பூட்டுக்கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். இந்த நிறுவனத்தின் நாற்பது இயந்திரங்களில் ஒன்றுகூட இந்தக் கட்டடத்தில் இல்லை. எல்லாம் கிளவுடில், அதாவது யாரோ வாடகைக்கு விடுகிற ஏதோவொரு தூர தேசத்துக் கொட்டகையில் ஓடுகின்றன. இங்கே உட்கார்ந்தபடி அவற்றுக்குள் நுழைய ஒரு ஜோடி வேண்டும். ஜோடியில் ஒன்று பூட்டு. அதை எந்த இயந்திரத்தின் கதவிலும் தொங்கவிடலாம், ஊரே பார்த்தாலும் பாதகமில்லை. மற்றது சாவி. அது சொந்தக்காரரைவிட்டு அங்குலம்கூட நகரக்கூடாது. ஒரு கதவில் பத்துப் பேரின் பூட்டு தொங்கலாம். யார் தன்னுடையதைத் திறந்தாலும் கதவு திறந்துகொள்ளும். வேலையைவிட்டு ஒருவர் போனால் அவர் பூட்டைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

“நெலிடா பூட்டைக் கழட்டலையா நீங்க?” என்றார் இர்மா.

மேலாளருக்கு முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து, சிவப்பு நாடா கட்டிய ஒரு பத்திரத்தை எடுத்தார். ஜூன் பன்னிரண்டு அன்று நோட்டரி அம்மா ஒருவரை வரவழைத்து, நாற்பது இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் திறந்து, நெலிடா பெந்தான்கோர், வால்டெமார் ரிஸ்ஸோ ஆகிய இருவரின் பூட்டுகளையும் கழற்றியதாக முத்திரை குத்தி வாங்கியிருந்தார். எங்கள் நாட்டில் நோட்டரி முத்திரை இல்லாமல் மழைகூடப் பெய்யாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் நோட்டரியைக் கூட்டிப்போனவரை அன்றுதான் பார்த்தேன்.

“சரி, கழட்டியாச்சு. அப்புறம் ஜூலைல எப்படித் திறந்தாங்க?”

“திரும்ப மாட்டியிருக்கா! சத்தமில்லாம உள்ள பூந்து, தன் பூட்டைத் திரும்ப மாட்டிட்டு வெளிய வந்து, அப்புறம் அதைத் தன் சாவியால திறந்து…”

இர்மா என் பக்கம் திரும்பினார். “வாஷிங்டன், உன் இருபத்திரண்டு வருஷத்துல, வீட்டுக்குள்ள பூந்து ஒரு பூட்டை மாட்டிட்டுப் போன திருடனைப் பாத்திருக்கியா?”

“இல்ல தலைவி. பூந்த வீட்ல பாத்திரம் தேய்ச்சு வெச்சுட்டுப் போனவன் ஒருத்தன் உண்டு. ஆனா அவன் குடிச்சிருந்தான்.”

“உள்ள போக வழி தெரிஞ்சவளுக்குப் பூட்டு எதுக்கு, சாவி எதுக்கு? வந்த வேலையைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான?”

மேலாளர் கைத்தடியைத் தரையில் தட்டினார். “அவளோட மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பதினேழாம் இயந்திரத்தின் கதவில் இப்போது தொங்குகிற பூட்டுகளின் பட்டியலை இர்மா கேட்டார். அச்சடித்து வந்தது. பூனை தட்டச்சு செய்ததுபோல் நீள நீளமான எழுத்துக்கூட்டங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெயர். இரண்டாவது வரியில் நெலிடா. மூன்றாவது வரியில் இர்மாவின் விரல் நின்றது.

“வால்டெமார். இவர் பூட்டும் திரும்பத் தொங்குதே. இப்ப எங்க இருக்கார் இவர்?”

மேலாளர் குரலைத் தணித்தார். “வடக்குக் கல்லறைல. மார்ச் மாசம் மாரடைப்பு. தங்கமான மனுஷன்.”

“ஜூன் மாசம் நோட்டரி முன்னாடி இவர் பூட்டைக் கழட்டினீங்க. ஜூலைல தங்கமான மனுஷன் எழுந்து வந்து திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கார். அவர்மேலயும் மூணு மணிக்குப் புகார் உண்டா?”

“செத்தவர் எப்படிங்க பூட்டு மாட்டுவார்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்று இர்மா எழுந்தார்.

வரவேற்பறையில், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நெலிடா பெந்தான்கோர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். பதினொரு வருடம் வேலை பார்த்த இடத்தில் அவர் கழுத்திலும் பார்வையாளர் அட்டை தொங்கியது. அவரைக் கடந்து போன ஊழியர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று செல்போனில் அவசரமாகப் படிக்க ஏதோ இருந்தது.

இர்மா நேராக விஷயத்துக்கு வந்தார். “கழட்டின பூட்டு தானா திரும்ப வருமா?”

நெலிடா நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் எல்லோரும் அவரை ‘ஏன் செஞ்சே’ என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. “பதினேழாம் மெஷின் நடுவுல செத்துப் போச்சா?”

“உருவான தேதி ஜூலை இருபத்திரண்டுன்னு பட்டியல் தலைப்புல இருக்கு.”

“அப்ப அதேதான். ஒரு மெஷின் படுத்துட்டா கிளவுடே புதுசா ஒண்ணைச் செஞ்சு வெச்சுடும். அதுக்குன்னு ஒரு டெம்ப்ளேட் இருக்கும், அச்சு மாதிரி. அந்த அச்சை நானும் வால்டெமாரும்தான் மூணு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சோம். எங்க ரெண்டு பேர் பூட்டும் அதுக்குள்ளயே இருக்கு. நாப்பது மெஷின்லயும் நோட்டரியைக் கூட்டிட்டுப்போய்க் கழட்டினாங்க. அச்சை யாரும் தொடல. வாரத்துக்கு ரெண்டு மெஷினாவது இப்படிச் செத்துப் பிறக்கும். அன்னிலேர்ந்து புதுசா பிறந்ததெல்லாம் எங்க பூட்டோடதான் பிறந்திருக்கு.”

“இதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எழுத்துல மூணு தடவை. ஆளுக்கொரு சொந்தச் சாவி வேணும், ஆறு மாசத்துக்கொருதரம் மாத்தணும், அச்சைச் சுத்தம் பண்ணணும்னு எழுதினேன். மூணாவது கடிதத்துக்குப் பதிலா வேலைநீக்க உத்தரவு வந்துச்சு. காரணம், எதிர்மறை மனோபாவம்.”

எனக்குக் குஷி தாங்கவில்லை. “முடிஞ்சது தலைவி! பூட்டு தானா வந்துச்சு. கிளம்பலாமா? கீழே மழைக்குத் தோதா தோர்த்தா ஃப்ரீத்தா பொரிச்சுக்கிட்டிருக்கான், வாசனை மூணு மாடி ஏறி வருது.”

“வயித்தைக் கொஞ்சம் கட்டு. பூட்டு எப்படி வந்துச்சுன்னுதான் தெரிஞ்சது. அதைத் திறந்தது யாரு?” இர்மா நெலிடாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். “தப்பா நினைக்காதீங்க. பூட்டு தானா வந்தது உங்களுக்கு இன்னும் மோசம். கதவு திறந்து கிடக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். திறந்தது உங்க சாவி. அது உங்ககிட்ட மட்டும்தான இருக்கும்?”

“என்கிட்ட இல்ல.”

“பின்ன?”

நெலிடா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதுவும் நோட்டரி முத்திரை வைத்தது. ‘பணி விலகும் ஊழியர் ஒப்படைத்த பொருட்கள்: மடிக்கணினி ஒன்று. நுழைவு அட்டை ஒன்று. மேசை இழுப்பறைச் சாவி ஒன்று. பதினேழாம் இயந்திரம் உள்ளிட்டவற்றின் சாவி அடங்கிய கறுப்பு பென்டிரைவ் ஒன்று. பெற்றுக்கொண்டேன், ஃப. சர்ரால்தே.’

“கம்பெனில இருக்கிற எல்லாச் சாவியும் கம்பெனி சொத்து, திருப்பிக் கொடுத்துட்டுத்தான் போகணும்னார். இது அந்த மாதிரி சாவி இல்ல சார், இதை யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது, அழிச்சுடறதுதான் வழக்கம்னு சொல்லிப் பாத்தேன். அழிச்சா திருட்டுக் கேசு போடுவேன்னார்.”

ஒரு ஆளின் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவருடைய பூட்டையும் கதவில் தொங்கவிட்டுவிட்டு, திருடன் திருடன் என்று அவரைப் பார்த்தே கூவுகிறார்கள். என் கடைக்கு இப்படியொரு வாடிக்கையாளர் வந்திருந்தால் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

“வாங்கின சாவியை எங்க வெச்சாங்க?” என்றார் இர்மா.

நெலிடா உதட்டைப் பிதுக்கினார். பதில் பக்கத்திலிருந்து வந்தது.

“இதோ இங்க.”

சொன்னவர் வரவேற்பு மேசையிலிருந்த சுல்மா. அறுபதை நெருங்குகிறவர், மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் மாத்தே குடுவை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். பன்னிரண்டாம் கொக்கியில் கூட்ட அறைச் சாவி. பதின்மூன்றில் கழிப்பறைச் சாவி. பதினான்கில், ‘நெலிடா’ என்று அட்டை கட்டிய கறுப்பு பென்டிரைவ்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நெலிடாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

“இதை யாரெல்லாம் எடுப்பாங்க சுல்மா?” என்றார் இர்மா.

“யார் வேணா எடுக்கலாம். நோட்டுல பேர், எடுத்த நேரம், திருப்பின நேரம் எழுதணும். கழிப்பறைச் சாவிக்கும் அதே ரூல்தான். யார் வந்து கேட்டாலும் நானே என் கையால எழுதிடுவேன்.”

“இத்தனை நாளா யாரும் உங்ககிட்ட வந்து கேக்கலையா?”

“பட்டியல் அழிஞ்சதும் நாலு கமிட்டி உக்காந்துச்சு மேடம். நாலும் என்கிட்ட காபி கேட்டுச்சு. வேற எதுவும் கேக்கல.”

நோட்டு வந்தது. கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. ஜூன் பதினைந்திலிருந்து பதினான்காம் கொக்கிக்கு மட்டும் முப்பத்தோரு பதிவுகள், ஒன்பது பெயர்கள். ஒருவர் ஒரே வாரத்தில் ஆறு தடவை எடுத்திருந்தார்.

“எதுக்கு இத்தனை பேர்?” என்றேன்.

“சொந்தப் பூட்டு மாட்டணும்னா படிவம் கொடுக்கணும். மூணு பேர் கையெழுத்து, நாப்பத்தஞ்சு நாள். இதை எடுத்தா ரெண்டு நிமிஷம். ஜூன்லேர்ந்து இங்க வேலை பாக்கற எல்லாருமே நெலிடாதான்,” என்றார் சுல்மா.

நெலிடா நோட்டை வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படவில்லை. “ஹேபெர். என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்,” என்றார் ஒரு பெயரைத் தொட்டு. பிறகு நோட்டை இர்மாவிடம் நீட்டினார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இர்மா ஜூலை இருபத்தொன்பதாம் தேதிக்குப் பக்கத்தைத் திருப்பினார். இருபத்தொன்பது என்றால் எங்கள் ஊரில் ஞோக்கி நாள். தட்டுக்கு அடியில் ஒரு பண நோட்டை வைத்து, தக்காளிக் குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கு உருண்டைகளைச் சாப்பிடாதவன் அந்த மாதம் உருப்படமாட்டான் என்று பேராசிரியர்கள்கூட நம்புகிறார்கள். அன்று பன்னிரண்டரைக்கே மொத்த அலுவலகமும் தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் ஆஜர்.

“ஒம்பது பேரும் அங்கதான் இருந்தாங்களா?”

“ஒரே மேசைல. எனக்குக் கால்வலி, வீட்லேர்ந்தே டப்பால கொண்டாந்து இங்க உக்காந்து சாப்பிட்டேன்,” என்றார் சுல்மா.

அந்தப் பக்கத்தில் பதினான்காம் கொக்கிக்கு ஒரே ஒரு வரி. எடுத்த நேரம் 12.47. திருப்பிய நேரம் 1.10. ஓரத்தில் ‘தக்காளிக் கறை, துடைத்து மாட்டினேன்’ என்று ஒரு குறிப்பு. பெயர் எழுதவேண்டிய இடம் காலி.

“பேர் எங்க?”

சுல்மா குடுவையிலிருந்து ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார். “எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு மேடம்.”

“புரியுது.”

“பேர் எழுதக் கூடாதவங்க பேரை நான் எழுதறதில்ல. சுற்றறிக்கை இருக்கு, அதோ சுவர்ல.”

ஒட்டியிருந்தது. ‘நிர்வாகத்தினர் சாவிப் பதிவேட்டில் கையொப்பமிடத் தேவையில்லை.’

“இங்க நிர்வாகத்தினர் எத்தனை பேர்?” என்று கேட்டார் இர்மா.

சுல்மா ஒரு விரலைத் தூக்கி, அதாலேயே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க எதுவும் சொல்லல,” என்றார் இர்மா.

“சொல்லவே இல்லையே,” என்றார் சுல்மா.

மேலாளரின் அறைக்குத் திரும்பும்போது மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. நெலிடாவையும் கூடவே அழைத்துப்போனோம். கதவருகே நான் இர்மாவின் காதைக் கடித்தேன். “தலைவி, வெறும் காலியிடத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? ‘அது நான் இல்ல’ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவார்.”

“அதனாலதான் நோட்டைப் பத்திப் பேசப் போறதில்ல. நீ வாயை மூடிக்கிட்டு என்னைக் கைத்தாங்கலாப் பிடி.”

அறைக்குள் நுழைந்ததும் இர்மா திடீரென்று நொண்ட ஆரம்பித்தார். முனகிக்கொண்டே நாற்காலியில் சரிந்தார். “கையெழுத்துதான போட்டுடலாம். பேனா கொடுங்க. அப்பா, இந்த முழங்கால் உயிரை எடுக்குது!”

சர்ரால்தேயின் முகம் சட்டென்று கனிந்தது. முழங்கால்வலிக்காரர்களுக்குள் இருக்கிற பாசம் அண்ணன் தம்பிக்குள்கூட இருக்காது. “எந்தக் கால் மேடம்?”

“இடது. உங்களை மாதிரியே. குனிய முடியல, நிமிர முடியல.”

“மாடிப்படி?”

“கேக்காதீங்க.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரைப் பாத்தேன், இந்தப் பட்டையைக் கொடுத்தார். பாதி வலி போயிடுச்சு. நாட்டுலயே அவர்தான் நம்பர் ஒன்!”

“செவ்வாய்க்கிழமையா? கொடுத்துவெச்சவர். இருக்கிற முன்பதிவெல்லாம் அழிஞ்சு, ஊர்ல கிழடு கட்டையெல்லாம் போனும் கையுமா வரிசையில நிக்குது. உங்களுக்குக் கிடைச்சுதே!”

“எனக்கு முன்னாடியே இருந்துச்சு. சீட்டும் கைல இருந்துச்சு.”

“டாக்டர் பேரை எழுதிக்கறேனே. சீட்டு இருக்கா?”

சர்ரால்தே பெருமையோடு பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். இர்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். டாக்டர் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. சீட்டின் அடியில், யாரும் எந்தக் காலத்திலும் படிக்காத பொடி எழுத்தைப் படித்தார்.

“அச்சான நேரம், ஜூலை இருபத்தொன்பது, மதியம் 1.04. இயந்திரம் பதினேழு. வழங்கியவர்…” இர்மா நிமிர்ந்தார். நொண்டல் போன இடம் தெரியவில்லை. “வழங்கியவர், நெலிடா.”

இர்மா சீட்டை மேசைமேல் வைத்து, அறிக்கையை அதன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“உங்க அறிக்கைல ரெண்டாம் பக்கம், அன்னிக்கு 12.52-லேர்ந்து 1.06 வரைக்கும் அந்த மெஷினுக்குள்ள ஒரே ஒரு ஆள்தான் இருந்ததா நானே எழுதியிருக்கேன். அந்த ஆள் உங்களைப் பழிவாங்க உள்ள வந்திருக்காங்க. வந்தவங்க முதல் வேலையா உங்க முழங்காலுக்கு நாட்டுலயே நம்பர் ஒன் டாக்டரை ஏற்பாடு பண்ணிக் கொடுத்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் பட்டியலை அழிச்சிருக்காங்க. என்ன நெலிடா, இவர்மேல உங்களுக்கு அவ்வளவு கரிசனமா?”

“எனக்கு இவர் முழங்காலே தெரியாது,” என்றார் நெலிடா.

சர்ரால்தே கைத்தடியைப் பிடித்தபடியே நாற்காலியில் ஒரு சுற்று இளைத்தார்.

“நவம்பர் பத்தொம்பது கொடுத்திருந்தாங்க,” என்றார் கடைசியில். “நானே நடத்தற கம்பெனி. எனக்கே நவம்பர்! நாலு மாசம் எப்படிங்க தாங்கறது? என் பேரை மட்டும் கொஞ்சம் மேல நகர்த்தினேன். சீட்டும் வந்துடுச்சு. அப்புறம் ‘மற்றவற்றை நீக்கவா’ன்னு ஏதோ கேட்டுச்சு. ஆமான்னு அடிச்சுட்டேன். கடையில எனக்கு ஞோக்கி ஆறிக்கிட்டிருந்துச்சு, பாதியில எழுந்து வந்திருந்தேன்.”

“தண்ணி பட்ட பாடுன்னீங்களே,” என்றேன். இர்மா என்னை முறைத்தார். ஆனால் அதிகம் முறைக்கவில்லை.

மூன்று பக்க அறிக்கையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இர்மா தன் கோழிக்கிறுக்கலில் எழுதினார்: ‘ஜூலை 29 அன்று நெலிடா பெந்தான்கோரின் சாவி உள்ளே போனது. நெலிடா போகவில்லை. போனவர் ஃபப்ரிசியோ சர்ரால்தே.’ கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டு செகண்டுதான் ஆயிற்று. பிறகு, நெலிடாவின்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சர்ரால்தேயைத் தனியாக ஒரு கடிதம் எழுதவைத்தார். கீழ்த்தளத்திலேயே ஒரு நோட்டரி அலுவலகம் இருந்தது. பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. புகார் போகவில்லை. அறிக்கை மட்டும் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போயிற்று.

கடிதத்தோடு நெலிடா வெளியே வந்தபோது விஷயம் அதற்குள் மாடி முழுக்கப் பரவியிருந்தது. ஒன்பது பேரும் வரவேற்பறையில் திரண்டு நின்றார்கள். எல்லோர் முகத்திலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

“எங்களுக்கு அப்பவே தெரியும் நெலிடா, நீயா இருக்காதுன்னு,” என்றார் தாடிக்காரர் ஒருவர். ஹேபெர் அவர்தான்.

“எப்படித் தெரியும்?”

“சாவி இங்கதான தொங்கிட்டிருந்துச்சு. உன்கிட்ட ஏது?”

“அப்ப ஒம்பது நாளா ஏன் யாரும் வாயைத் திறக்கல?”

ஹேபெர் தாடியைச் சொறிந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்தான் மெதுவாகச் சொன்னாள். “சொன்னா கொக்கிலேர்ந்து எடுத்துடுவாங்களே நெலிடா. அப்புறம் ஆளாளுக்கு அந்தப் படிவம். நாப்பத்தஞ்சு நாள்…”

நெலிடா தலையை ஆட்டினார். புரிந்தது என்பதுபோல் இருந்தது. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரில் முப்பது பேர் இருக்கிற அறையிலிருந்து கிளம்பினாலும், முப்பது கன்னத்திலும் ஒரு முத்தம் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். சண்டை போட்ட மைத்துனனுக்குக்கூட விலக்கு கிடையாது. ஹேபெர் வழக்கம்போல் குனிந்து கன்னத்தை நீட்டினார்.

நெலிடா கையை நீட்டினார்.

ஹேபெருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கழுத்துவரை சிவந்து, நிமிர்ந்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெலிடா அடுத்தவரிடம் போனார். அவருக்கும் கை. அதற்கடுத்தவருக்கும் கை. முதல்முறை சந்திக்கிற வங்கி அதிகாரிகளுக்குக் கொடுப்பதுபோல், முகத்தைப் பார்த்து, மரியாதையாக. பின்வரிசைப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் கைதான்.

ஒன்பதாவது கையையும் குலுக்கிவிட்டு நெலிடா படியிறங்கி மழைக்குள் போனார்.